விரதம் இருப்பவர் மாத்திரையை நிறுத்தலாமா?

மாசியில் திருவப்பூர், பங்குனியில் நார்த்தாமலையும் கொன்னையூரும் என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் கோடை பிறப்பதே மாரியம்மன் காப்புக் கட்டோடுதான். கையில் மஞ்சள் காப்பு ஏறியதும் வீட்டில் கவிச்சி நிற்கும், செருப்பு ஓரம் போகும், மெத்தையையும் தலையணையையும்கூடச் சிலர் தொடமாட்டார்கள். இவற்றோடு சேர்ந்து, யாரும் அதிகம் பேசாத இன்னொன்றும் பல வீடுகளில் நின்றுவிடுகிறது. வல்லத்திராக்கோட்டை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அதைப் போன்ற வேறொன்றிலோ மாதாமாதம் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வாங்குகிறவர், விரத நாட்களில் அந்த அட்டையை அலமாரிக்குள் வைத்துவிடுகிறார். ‘விரதத்துல மாத்திரை என்னத்துக்கு, ஆத்தா பாத்துக்குவா’ என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டுவிட்டால் கட்டுப்பாடு இன்னும் இறுகும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை மருந்து வாசனையே கூடாது. வலிப்புக்கு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கும் அதே விதிதான். இதை மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் தள்ளிவிட்டுப் போவது எளிது. ஆனால் நிறுத்துகிறவர் தம் மனசாட்சிப்படி நிறுத்துகிறார். தெய்வத்திடம் தம்மை ஒப்படைத்ததாகவே நினைக்கிறார். ஆகவே கேள்வியையும் சமயத்துக்குள் நின்றுதான் கேட்க வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை எழுதிக்கொடுத்தபடி உண்பது நம்பிக்கைக் குறைவா? இல்லை என்பதே என் விடை. அதற்கு மேலும் ஒரு படி போய்ச் சொல்வேன்: நம் சமயங்கள் தமக்கென்று வகுத்துக்கொண்ட நியாயத்தின்படி பார்த்தால், மருந்தை உண்ணாமல் விடுவதற்குத்தான் பக்தர் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அம்மைக்கு மருந்து கூடாது என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்கலாம். பெரியம்மை ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலத்தில் அதைக் குணப்படுத்தும் மருந்து உலகத்தில் எங்குமே இல்லை. நோயாளியைத் தனியே கிடத்தி, வாசலில் வேப்பிலை செருகி, வெளியாட்களை உள்ளே விடாமல், இளநீரும் மோரும் கூழுமாகக் கொடுத்து, நகம் படாமல் வேப்பங்கொத்தால் வருடிவிட்டுக் காத்திருந்தார்கள். அதைவிட மேலான ஒன்றை அன்று எந்த வைத்தியரும் செய்திருக்க முடியாது. வாசல் வேப்பிலை, தொற்று தாண்டாமல் ஊர் போட்டுக்கொண்ட எல்லை. அந்தப் பெரியம்மை 1975-க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. 1980-இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஒழித்தது தடுப்பூசி. இன்று நம் வீடுகளில் அம்மை என்று சொல்வது பெரும்பாலும் சின்னம்மை. அதிலும் பழைய வழக்கத்தில் ஒரு பாதி சரியாகவே இருக்கிறது. சின்னம்மை கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வரலாம் என்பதால் மருத்துவர்களும் அதைத் தடுக்கிறார்கள். நான் கவலைப்படுவது மறுபாதியைப் பற்றி. அதாவது, அம்மை கண்டவருக்கு ஏற்கெனவே இருக்கும் நோயைப் பற்றி. இன்சுலினை மட்டுமே நம்பி வாழும் முதல் வகைச் சர்க்கரை நோயாளி அதை நிறுத்தினால் சில நாட்களுக்குள் இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். காய்ச்சல் நேரத்தில் அவருக்கு இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடவே செய்யும். வலிப்பு மாத்திரை திடீரென நின்றால் அடுத்தடுத்து ஓயாமல் வலிப்பு வரக்கூடும். நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் அவர் மயங்கி விழக்கூடும். மருந்தே இல்லாத ஒரு நோய்க்காக முன்னோர் வகுத்த விதியை, மருந்து இருக்கிற நோய்களின் மீது ஏற்றி வைத்தவர்கள் நாம்தான்.

விரதமும் அம்மையும் இல்லாத சாதாரண நாட்களிலும் மாத்திரை நின்றுபோகிறது. அப்போது சொல்லப்படும் காரணம், ‘உடம்பு நல்லாத்தானே இருக்கு’ என்பது. கேட்பதற்கு உடம்பைப் பற்றிய பேச்சாகத் தோன்றும் இதன் அடியில், அறிவு எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பற்றிய முழுத் தத்துவம் ஒன்று கிடக்கிறது. நான் உணர்வது உண்டு, உணராதது இல்லை என்பது அந்தத் தத்துவம். நம் நாட்டில் இதை வெளிப்படையாகச் சொன்னவர்கள் உலகாயதர்கள். காண்டல் ஒன்றே அறிவுக்கு அளவை என்றவர்கள். சைவம் அவர்களை மறுத்தே தன் கட்டடத்தை எழுப்பியது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் சைவக் கொள்கையை நிறுவும் பகுதியை அளவையில்தான் தொடங்குகிறார். காண்டல், கருதல், உரை என்ற மூன்றும் அவருக்கு வேண்டும். கண்ணுக்கும் தோலுக்கும் எட்டாததைக் குறிகளைக்கொண்டு ஊகித்தும், அதற்கும் எட்டாததை நம்பத்தக்கவர் சொல்லைக்கொண்டும் அறிகிறோம் என்கிறது அந்த மரபு. பிரஷர் என்னும் இரத்த அழுத்தம் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, வயலில் நாற்று நடவும் முடிகிறது, களை பறிக்கவும் முடிகிறது. அந்த ஆண்டுகளில்தான் சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் மூளையின் இரத்தக் குழாய்களும் கெட்டுக்கொண்டிருக்கும். காண்டல் இங்கே வேலை செய்யாது. கைப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்க்கும் கருவி காட்டும் எண் கருதலுக்குக் குறி. மருத்துவர் எழுதும் சீட்டு உரை. கண்ணால் காணாத இறைவனை உரையால் ஏற்றுக் காலமெல்லாம் வழிபடுகிறவர், கண்ணால் காணாத பிரஷர் என்று வந்ததும் உலகாயதராகி ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்கிறார். இந்த முரண் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஏனென்றால் இந்த நேரத்தில் அவருக்குக் கைகொடுக்க வேண்டியது அவருடைய சொந்தத் தத்துவம்தான்.

உரையை ஏற்பது கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதாகாது. யாருடைய உரை அளவையாகும் என்பதற்கு நியாய நூலார் கட்டுப்பாடு விதித்தார்கள். சொல்கிறவர் அந்தப் பொருளை நேரே அறிந்தவராக இருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புகிறவராக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தமக்குக் கேட்ட மாத்திரையை நமக்கு நீட்டும்போது இரண்டாவது தகுதி அவரிடம் நிறையவே இருக்கிறது. முதல் தகுதி இல்லை. உங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, நீங்கள் ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. மெடிக்கலில் போய் ‘காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க’ என்று கேட்டு வாங்கும் காகிதப் பொட்டலமும் அப்படித்தான். நாலு நிறத்தில் நாலு மாத்திரை இருக்கும். அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுத்ததில் ஒன்றின் பெயர் பாதி போயிருக்கும், காலாவதித் தேதி இருந்த முனை கடையிலேயே தங்கியிருக்கும். எதற்கு எது, எத்தனை நாள் என்று சொல்ல அந்தப் பொட்டலத்தின் மீது ஒரு எழுத்துகூட இருக்காது. இங்கே உரையே இல்லை. சீட்டில் இருப்பது வேறு: நோயாளியின் பெயர், வயது, தேதி, மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், கீழே பதிவு எண்ணோடு கையெழுத்து. ஒருவர் தம் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்றுச் சொன்ன சொல் அது. தவறு நேர்ந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்.

இந்தச் சொல்லைக் கடைப்பிடிப்பதால் எவ்வளவு வேறுபாடு வரும் என்பதற்கு உலகம் இன்றும் மேற்கோள் காட்டும் சான்று நம் சென்னையிலிருந்து கிடைத்தது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்நாளில் காசநோய்க்கு நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி, சானடோரியப் படுக்கை இவையெல்லாம் வேண்டும் என்பது உலக மருத்துவத்தின் நம்பிக்கை. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே 193 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் இருந்தார்கள். மற்றவர்கள் நெருக்கடியான வீடுகளில், குறைந்த சாப்பாட்டில், பலர் வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தார்கள். இரு பிரிவுக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பாஸும். 1959-இல் முடிவு வெளியானபோது, வீட்டிலிருந்தவர்களின் பலன் சானடோரியத்தாரின் பலனுக்கு ஏறக்குறைய இணையாக நின்றது. வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. காற்றும் ஓய்வும் முட்டையும் செய்வதாக நினைத்ததில் பெரும்பகுதியை மருந்துதான் செய்திருக்கிறது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இருமல் நின்று உடம்பு தேறியதும் பலர் மருந்தை ஒழுங்காக உண்பதில்லை என்பது அதில் தெரிந்தது. மருந்தை ஒருவர் கண்முன்னே உண்ணவைக்கும் முறை அங்கிருந்துதான் உலகத்துக்குப் போனது. நெடுநாள் நோய்களில் வளர்ந்த நாடுகளிலேயே பாதிப்பேர்தான் சொன்னபடி மருந்து உண்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் எழுதியது. ஆகவே இது படிக்காத ஏழையின் குறை, கிராமத்தான் குறை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. தேறிவிட்டோம் என்ற உணர்வு எல்லா மனிதரையும் ஒரேபோல ஏமாற்றுகிறது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தைப் பேசும்போது நாம் பெரும்பாலும் பசித்துப் புசி என்பதோடு நின்றுவிடுகிறோம். அதன் கடைசிக் குறள், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் என்ற நான்கும் சேர்ந்தது என்கிறது. பரிமேலழகர் உரையில் இந்த நால்வகைக்கும் நாலு நாலு தகுதிகள் உண்டு. நோயாளிக்கு அவர் சொல்லும் தகுதிகள், பொருள் உடையவராதல், மருத்துவர் வழி நிற்றல், நோயின் நிலையை எடுத்துச் சொல்லும் திறம், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்தப் பட்டியலைவிடத் தெளிவான ஒன்றை இன்றைய மருத்துவமனைச் சுவரொட்டி எதிலும் நான் பார்த்ததில்லை. வழி நிற்றலோடு எடுத்துச் சொல்லுதலையும் அவர் சேர்த்தே வைத்தார். மாத்திரை போட்டால் கால் வீங்குகிறது, வறட்டு இருமல் வருகிறது, வீட்டில் வேறொரு லேகியமும் சாப்பிடுகிறேன், வெள்ளிக்கிழமை பட்டினி இருப்பேன் என்பதையெல்லாம் நோயாளி சொன்னால்தான் மருத்துவரின் உரை பழுதில்லாமல் வரும். சொல்லாமல் மறைத்துவிட்டுத் தாமே நிறுத்துகிறவர் இரண்டு தகுதியையும் ஒருசேர இழக்கிறார். முதல் தகுதியான பொருளுடைமை பலரிடம் இல்லையே என்றால், அந்தச் சுமையை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு இதில் ஓரளவு எடுத்தும் இருக்கிறது. மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்ப 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. வள்ளுவர் நான்காவதாகச் சொன்ன உடனிருப்பவர், இன்று பையோடு படியேறி வரும் அந்தப் பெண் தன்னார்வலர்தான்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு அருளைப் பற்றியது. அப்பரின் சூலை நோயைத் திலகவதியார் கொடுத்த திருநீறும் திருவதிகைப் பதிகமும் தீர்த்தன. பாண்டியனின் வெப்பு நோயைச் சம்பந்தரின் பதிகம் தீர்த்தது. அங்கெல்லாம் மாத்திரை எங்கே இருந்தது என்று கேட்பார்கள். பெரியபுராணத்தைத் திறந்து பார்த்தால், அந்த இரண்டு இடங்களிலும் சமணர் மந்திரித்த நீரும் மயிற்பீலியும் தோற்றுப்போனதாகச் சேக்கிழார் காட்டுகிறார். அது இரண்டு சமயங்கள் மந்திரத்தை மந்திரத்தால் எதிர்கொண்ட கதை. வைத்தியத்தின் மேல் கொடுத்த தீர்ப்பாக அதை வாசிப்பது பிழை. வைத்தியத்தைப் பற்றிச் சேக்கிழார் என்ன நினைத்தார் என்று அறிய வேண்டுமானால் கண்ணப்பரிடம் போக வேண்டும். இறைவன் கண்ணில் இரத்தம் வழியக் கண்ட அந்த வேடர் முதலில் செய்தது, காட்டுக்குள் ஓடிப் பச்சிலை பறித்துவந்து கண்ணில் பிழிந்தது. அது பலிக்காத பிறகுதான் தம் கண்ணைப் பிடுங்கி அப்பினார். பக்தியின் உச்சியாக நாம் கொண்டாடுகிறவர் கடவுளுக்கே மருந்து தேடினார் என்னும்போது, பக்தியின் பெயரால் மருந்தை ஒதுக்குவது எப்படிப் பொருந்தும்? கோயில்களும் அப்படி ஒதுக்கவில்லை. காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திர சோழன் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்கிறவர் ஒருவர், மூலிகை கொண்டுவரவும் மருந்து காய்ச்சவும் ஆட்கள் என்று அது கணக்கெழுதுகிறது. தசமூல ஹரீதகி, கல்யாண லவணம் முதலான மருந்துகளை ஓராண்டுக்கு இவ்வளவு என்று படிக்கணக்கில் இருப்பு வைக்கவும் கட்டளை இருக்கிறது. பூசைக்கும் மருந்துக்கும் ஒரே கல்லில் நிவந்தம் எழுதிய முன்னோர் அவர்கள். நோய் முன்வினைப் பயன், அனுபவித்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். பசியும் வினைப்பயன்தான், அதற்குச் சோறு உண்கிறோம்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று ஆய்வுக்கூடத்திலிருந்தே வருகிறது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசுவாமி கோயிலில் வந்து தங்கிய மனநோயாளிகள் 31 பேரைப் பெங்களூர் நிமான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்து எதுவும் இல்லாமல், சராசரியாக ஆறு வாரம் அந்த அமைதியான இடத்தில் தங்கியதிலேயே நோய்க்குறி அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. இதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. அன்போடு நடத்துகிற இடமும், குடும்பத்தார் துணையும், நாளுக்கொரு ஒழுங்கும் மனநோயாளிக்கு நிச்சயமாக நன்மை செய்கின்றன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பிரிவு இல்லாத, 31 பேரை மட்டும் கொண்ட ஆய்வு அது. மாத்திரை வேண்டாம் என்று அதை எழுதியவர்களே சொல்லவில்லை. கோயிலும் தர்காவும் மட்டும் போதும் என்று விட்ட இன்னொரு இடத்தையும் தமிழகம் கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். குடும்பங்கள் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது குணமாகும் என்ற நம்பிக்கையில்தான். திருச்சி மாவட்டம் குணசீலத்தில் இப்போது வேறு வழி இருக்கிறது. பெருமாள் சன்னதியில் முகத்தில் தீர்த்தம் தெளிக்கும் பழைய வழக்கம் தொடர்கிறது. கோயிலை ஒட்டிய மறுவாழ்வு மையத்தில் மனநல மருத்துவர் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார். தீர்த்தம் தெளித்தவரும் மாத்திரை கொடுத்தவரும் ஒருவருக்கொருவர் இடைஞ்சலாக இல்லை.

இன்னும் நுட்பமான ஒன்றைச் சிலர் கேட்கலாம். மருந்தில் என்ன இருக்கிறது, நியமமாக ஒன்றைச் செய்வதில்தான் பலன் இருக்கிறது என்று. இதற்கும் ஒரு சான்று உண்டு. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் கணக்கு 1980-இல் வெளியானது. குளோஃபிபிரேட் என்ற மருந்தை ஒழுங்காக உண்டவர்களில் ஐந்தாண்டில் இறந்தவர்கள் 15 விழுக்காடு. ஒழுங்கில்லாமல் உண்டவர்களில் 24.6. மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை ஒழுங்காக உண்டவர்களில் 15.1; ஒழுங்கில்லாதவர்களில் 28-க்கும் மேல். வெறும் மாத்திரைகூட உயிர் காத்ததா? இல்லை. அந்த ஆய்வில் குளோஃபிபிரேட்டும் உயிர் காக்கவில்லை. சொன்னபடி மாத்திரை உண்கிறவர், சொன்னபடி பீடியையும் விடுகிறவர், உப்பையும் குறைக்கிறவர், மறுமுறை காட்டவும் வருகிறவர். இந்த எண்கள் அளந்தது அவருடைய வாழ்க்கை ஒழுங்கை என்று கொள்வதே பொருத்தம். சேத்துப்பட்டில் வேலை செய்தது மருந்து. ஓய்வும் உணவும் ஒழுங்கும் இருந்தும் மருந்தில்லாத சானடோரியங்களில் அதற்கு முன் எத்தனையோ பேர் மாண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 48 நாள் விரதத்தை ஒரு வேளை பிசகாமல் முடிக்கும் பக்தரிடம் இருக்கும் நியமம் மருந்துக்கு எவ்வளவு பெரிய துணை என்பது விளங்கும். அந்த நியமத்தை மாத்திரைக்கு எதிராகத் திருப்பிவிடுவதுதான் பெரிய இழப்பு.

என் உடம்பு, என் உயிர், வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா என்பது அடுத்த மறுப்பு. உரிமை உண்டு. அந்த உரிமையை எல்லை வரை கொண்டுபோன துறவிகள் புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தார்கள். சித்தன்னவாசல் ஏழடிப்பாட்டத்தில் மலைச் சரிவில் செதுக்கிய சமணர் கற்படுக்கைகள் இன்றும் வழவழப்பாக இருக்கின்றன. ஒன்றின் பக்கத்தில் தமிழிக் கல்வெட்டும் உண்டு. உணவை ஒடுக்கி உயிர்விடும் சல்லேகனையைப் போற்றியவர்கள் சமணர்கள். ஆனால் அது எப்போது தகும் என்று சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் வரையறுத்திருக்கிறது: தப்ப முடியாத இடையூறு, பஞ்சம், முதுமை, தீர்க்க வழியில்லாத நோய். தீர்க்க வழியுள்ள நோயில் மருந்தைத் தள்ளுவது அவர்கள் கணக்கிலும் தவமாகாது. அதே சமணம் உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நான்கைத் தலையாய தானங்கள் என்றது. பட்டினியால் உயிர் துறப்பதை மதித்தவர்களே மருந்து கொடுப்பதை அறத்தின் உச்சியில் வைத்தார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். துறவிக்கு உள்ள உரிமை, பிள்ளை குட்டியோடு இருக்கும் இல்லறத்தாருக்கு அப்படியே பொருந்துமா என்பதும் கேள்விதான். சில மருந்துகளில் அந்த உரிமை அடுத்தவர் உயிரைத் தொடுகிறது. பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945 டிசம்பரில் நோபல் உரையில் ஒரு கற்பனை மனிதரைப் பற்றிச் சொன்னார். தொண்டை வலிக்குத் தாமே பெனிசிலின் வாங்கிக் குறைந்த அளவில் போட்டுக்கொண்ட அவர், கிருமியைக் கொல்லாமல் அதற்கு மருந்தைத் தாங்கப் பழக்கிவிடுகிறார். அது மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகிறது. மருந்து கேட்காமல் மனைவி இறந்துபோகிறாள். அந்தச் சாவுக்குக் காரணம் கணவர்தான் என்றார் ஃப்ளெமிங். காசநோய் மாத்திரையைப் பாதியில் விடுகிறவர் வீட்டுக் குழந்தைக்குத் தருவதும் இதே ஆபத்தைத்தான். கொல்லாமையைப் பெரிய அறமாகக் கொண்ட நாட்டில் இது சின்ன விஷயமாகாது.

கடைசி மறுப்பு மருத்துவர்களைப் பற்றியது. இதில் நியாயம் இருக்கிறது. மருத்துவம் வியாபாரமாகிவிட்டது, தேவையில்லாத மருந்தும் எழுதுகிறார்கள், இன்று சொன்னதை நாளை மாற்றுகிறார்கள். ஆன்டிபயாடிக்கைக் கடைசி மாத்திரை வரை முடிக்க வேண்டும் என்று தலைமுறையாகச் சொல்லிவிட்டு, பல தொற்றுகளுக்கு அத்தனை நாள் தேவையில்லை என்று 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் நிபுணர்களே எழுதவில்லையா? எழுதினார்கள். ஆனால் நோயாளி தமக்குத் தோன்றியபோது நிறுத்திக்கொள்ளலாம் என்பது அதன் பொருளாகாது. எத்தனை நாள் என்பதை ஆய்வு முடிவு செய்ய வேண்டும், மருத்துவர் சொல்ல வேண்டும் என்பதே அது. காசநோயில் முழுக்காலமும் உண்பது இன்றும் கட்டாயம். சொன்னது தவறென்று தெரிந்ததும் வெளிப்படையாகத் திருத்திக்கொள்வது நம்பத்தக்கவரின் அடையாளம். வியாபாரத்தைப் பொறுத்தவரை, சீட்டு வேண்டும் என்பதே நோயாளிக்குப் பாதுகாப்பு. 2014 மார்ச் முதல் நடப்பிலுள்ள மருந்து விதிகளின் எச்1 அட்டவணையின்படி பல ஆன்டிபயாடிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் பழக்கமாகிவிடும் மருந்துகளையும் சீட்டின்றி விற்கக் கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். ஐயம் வந்தால் கேட்கவும், இன்னொரு மருத்துவரிடம் காட்டவும் நோயாளிக்கு முழு உரிமை உண்டு. கேட்டுத் தெளிந்து ஏற்பதும் உரை அளவைக்குள் அடங்கியதே. கேட்காமலே நிறுத்துவதில் அறிவும் இல்லை, பக்தியும் இல்லை.

இது அம்மன் பக்தர்களுக்கு மட்டும் உரிய கேள்வியாகவும் இல்லை. ரமலான் நோன்பைக் கடமையாக்கிய இடத்திலேயே குர்ஆன், நோயாளிகள் வேறு நாட்களில் நோற்கலாம் என்று விலக்கும் கொடுக்கிறது. கத்தோலிக்கர் விவிலியத்தில் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம், மருத்துவரை மதிக்கச் சொல்கிறது; மண்ணிலிருந்து மருந்தைப் படைத்தவர் ஆண்டவரே என்றும் சொல்கிறது. ஆனால் விலக்கு இருக்கிறது என்பதற்காக விரதமே இருக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. விரதத்திலும் ஒரு கவனம் வேண்டும். கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு பட்டினியும் கிடந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கிக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சுயநினைவு தப்பும். சில பிரஷர் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட எகிறும். எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றலாம், எதைக் குறைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை மருத்துவர் சொல்ல முடியும். அதற்கு அவரிடம் முன்பே போக வேண்டும். ஆகவே காப்புக் கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னதாக, நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், வீட்டில் இருக்கும் லேகியம் சூரணத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இத்தனை நாள் விரதம், இந்த வேளைதான் சாப்பிடுவேன் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் எழுதிக் கொடுப்பதை வாங்கி, பூசை அறையிலேயே விளக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; விளக்கேற்றும் வேளையில் மாத்திரையும் மறக்காது.